முறுக்கு வீரர்

முறுக்கு வீரர் என்பவர் மெக்கானிக் அல்லர். மெக்கானிக் வருவதற்கு முன்பே வந்துவிடுபவர். துருவேறிய போல்ட் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே இவரும் இருப்பார் என்றாலும், பனமலைப் பக்கத்தில் இவருக்குப் பருவம் உண்டு. நந்தன் கால்வாயில் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால் சுற்றுப்பட்டுக் கிணறுகளும் ஏறிவிடும். கிணற்றுக்குள் இறக்கி வைத்த பம்பு செட்டு முழுகும். தண்ணீர் வடிந்தபின் மோட்டாரைக் கழற்றப் போனால் நட்டு அசையாது. வரப்பில் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓர் உருவம் தென்படுவது அப்போதுதான்.

“இன்னா மாமா, இதுக்குப் போயி செஞ்சிக்கு ஆள் அனுப்புறியா? ஸ்பேனரக் குடு.”

சொந்த ஸ்பேனர் அவரிடம் கிடையாது. பதினேழாம் நம்பர் நட்டுக்குப் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரைப் போடுவார்; இடைவெளியில் உடைந்த ஆக்ஸா பிளேடைச் செருகுவார். மலைமேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு. பிறகு முழு உடம்பும் இறங்கும். நட்டின் முனைகள் மழுங்கி வட்டமாகும்வரை அவர் நிறுத்துவதில்லை.

இரும்பு துருவானால் முன்னைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். மரையின் இடுக்கில் உப்பிய துருதான் நட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. டீசலை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டி, முதலில் சற்று இறுக்கிப் பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். அதற்கும் மசியாததை, எண்ணெயைத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் சுடவைத்து விரியச் செய்யலாம். இதெல்லாம் வீரருக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். ஓர் இரவு காத்திருப்பதுதான் கௌரவக் குறைச்சல். ஏவுகணை துருப்பிடிக்காமலிருக்க 1953இல் அமெரிக்காவில் உருவாக்கிய டபிள்யூடி-40 திரவம், நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்த எண்ணைப் பெற்றது. வீரர் எதையும் முதல் முயற்சியிலேயே முடித்துவிடுவார்.

இடமரை என்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. சைக்கிளின் இடது பெடலும் பல டேபிள் ஃபேன்களின் இறக்கை மூடியும் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். அவர் வழக்கமான பக்கமே திருகுவார். அது இறுக இறுக, துரு பலமாகப் பிடித்திருப்பதாகத் தீர்ப்பும் சொல்வார்.

கடைசிக் கட்டம், ஸ்பேனரின் வாலில் இரண்டடி ஜிஐ பைப். கைப்பிடி நீண்டால் விசை பெருகும், உண்மை. ஆனால் துரு விடுவதற்குள் போல்ட்டின் கழுத்து விட்டுவிடும். பட்டென்று ஒரு சத்தம்.

“பாத்தியா, வந்துடுச்சு!”

வந்தது தலை மட்டும். உடல் பம்புக்குள்ளேயே இருக்கும். அந்தத் தலையை உரியவரின் உள்ளங்கையில் வைத்து, “கம்பெனி இரும்பே சரியில்ல மாமா” என்று சொல்லிக் கைகழுவச் சோப்புக் கேட்பார்.

மீதித் துண்டை லேத் பட்டறையில் நடுவே துளையிட்டு, இடமரை எக்ஸ்ட்ராக்டரை இறக்கி எடுப்பார்கள். எக்ஸ்ட்ராக்டரும் உள்ளே முறிந்தால், அதன் கடினத்துக்குச் சாதாரண டிரில் ஏறாது. ஆகவே பட்டறைக்குப் போகிறவர்கள் பம்பை மட்டும் வண்டியில் ஏற்றுவது நல்லது. வீரர் தாமாக ஏறி உட்கார்ந்திருந்தால், டீ வாங்கிக் கொடுத்து இறக்கிவிடவும்.