தொண்ணூறாம் வாய்ப்பாடு

சேலம் விமான நிலையம் என்று பெயர்தான். அது இருப்பது எங்கள் ஓமலூர்ப் பக்கம், காமலாபுரத்தில். வீட்டு மொட்டைமாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். அப்படியும் வெளிநாடு போவதற்கு நான் டெம்போ டிராவலர் பிடித்துப் பெங்களூருக்குத்தான் போகவேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் கடைசி. வழியனுப்ப வந்தவர்கள் பதினான்கு பேர். அதில் இரண்டு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. பெங்களூரில் ஏதோ வேலை, வண்டி போகிறதே என்று ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாயி மட்டும் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து, "ஏமாந்து தூங்கிராத கண்ணு. ஊரு வந்தா சொல்லச் சொல்லி கண்டக்டருகிட்ட இப்பவே சொல்லி வெச்சிரு" என்றார்.

இதற்கு முன்னால் ஒரு பணக்கதை உண்டு. ஜெர்மனியில் படிக்க விசா வேண்டுமானால், ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான தொகையை ஒரு கணக்கில் முன்கூட்டியே கட்டிக் காட்டவேண்டும். நான் கட்டியபோது 11,208 யூரோ. கட்டி முடித்த கையோடு அதை 11,904 ஆக்கிவிட்டார்கள். விலை ஏறுவதற்கு முன்னால் எங்கள் குடும்பம் வாங்கிய ஒரே பொருள் நான்தான். ஒரு யூரோ அப்போது தொண்ணூறு ரூபாய்ச் சொச்சம். அப்பா நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெருக்கினார். 10,08,720. தாளைத் திருப்பி அன்றைக்கு என்ன நாள் என்று பார்த்தார். அஷ்டமி.

கட்டிய பணம் மொத்தமும் போனவுடன் கைக்கு வந்துவிடாது. மேட்டூர் அணையில் தண்ணீர் விடுகிற மாதிரி முறைவைத்து, மாதத்துக்கு 934 யூரோ திறந்துவிடுவார்கள். நம் பணம், நமக்கே தவணை. இதை அம்மா எதிர்வீட்டில் விளக்கிச் சொல்லியிருக்கிறாள். தெருமுனைக்குப் போவதற்குள் செய்தி இப்படி ஆகிவிட்டது: "அந்தப் புள்ளைக்குப் படிக்கறதுக்கே மாசம் எம்பத்தி நாலாயிரம் குடுக்கறாங்களாமா." அந்த வாரம் இரண்டு ஜாதகம் வந்தது.

நான் போய்ச் சேர்ந்த ஊர் டோர்ட்முண்ட். ஒரு காலத்தில் நிலக்கரியும் எஃகும் பீருமாக இருந்த ஊர். எஃகு ஆலை ஒன்றை மூடி, இயந்திரங்களைப் பிரித்துச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தைத் தோண்டி 2010-ல் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். ஃபீனிக்ஸ் ஏரி என்று பெயர். வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"ஏரிய மூடி ஃபேக்டரி கட்டியிருக்காங்களா?"

"இல்லம்மா, ஃபேக்டரிய எடுத்துட்டு ஏரி வெட்டியிருக்காங்க."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ராத்திரி தூங்கறயா இல்லையா கண்ணு?"

பல்கலைக்கழக வளாகத்துக்குள் 1984-லிருந்து ஒரு ரயில் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிடத் தொங்குகிறது என்று சொல்லலாம். தண்டவாளம் மேலே, பெட்டி கீழே, வௌவால் மாதிரி. ஓட்டுநர் கிடையாது, கண்டக்டரும் கிடையாது. அம்மாயியின் யோசனைக்கு அங்கேயே வழியில்லாமல் போயிற்று. "ஓமலூரா? நிக்காது, எறங்கு எறங்கு" என்று பைபாஸ் பஸ்களில் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த வண்டி எல்லா நிறுத்தத்திலும் நின்றது. நிக்காது என்று சொல்ல ஆளில்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் வாரத்தில் நான் மனப்பாடம் செய்தது தொண்ணூறாம் வாய்ப்பாடு. ஒரு காபி 2.80, இருநூற்று ஐம்பத்திரண்டு ரூபாய். ரொட்டிக்குள் கறியைத் திணித்த டோனர் ஏழு யூரோ, அறுநூற்று முப்பது. பெருக்காமல் இருந்தால் பசிக்கும், பெருக்கினால் அடங்கிவிடும். அந்த வாரம் நான் மூன்று கிலோ இளைத்தது கணக்குப் பாடத்தால்.

ஜெர்மன்காரர்கள் எண்ணைப் பின்னாலிருந்து சொல்வார்கள். முப்பத்தைந்து என்றால் அவர்களுக்கு 'ஐந்தும் முப்பதும்'. அறை எண்ணைக் காதால் கேட்டு 53-ஐத் தேடிப் போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான், எனக்குப் புரியாமலிருந்தது பாடமல்ல, மொழி என்று தெரிந்தது. என் படிப்பு ஆங்கிலத்தில். எண்ணைத் திருப்பிப்போட்டுச் சொல்வது என்ன கூத்து என்று சிரிக்கலாம்தான். ஆனால் எண்பதுக்கு அடுத்து, நூற்றுக்கு முன்னால், 'நூறு' என்பதை உள்ளே ஒளித்துக்கொண்டு நிற்கிற தொண்ணூறைப் பற்றி மூன்றாம் வகுப்பில் டீச்சரிடம் கேட்டு நான் குட்டு வாங்கியது நினைவுக்கு வந்ததால் சிரிக்கவில்லை.

ஜெர்மன்காரன் என்றால் கடிகாரம் என்று ஊரில் எல்லோரும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பத்து மணி வகுப்புக்கு ஒன்பது ஐம்பதுக்கே போய்விட்டேன். பத்துக்கும் நான் மட்டும்தான். அறை மாறிவிட்டதா, நாடு மாறிவிட்டதா என்று வியர்த்துவிட்டது. பத்தே காலுக்கு எல்லோரும் சாவகாசமாக வந்தார்கள். அட்டவணையில் பத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'சி.டி.' என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். லத்தீனில் 'கூம் தெம்போரே'. பத்து என்று போட்டால் பத்தேகால் என்று அர்த்தம். தாமதத்துக்கும் ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்துக்குச் சரியாக வருகிறார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எங்கள் கல்லூரியில் மேசை தட்டினால் ஹெச்.ஓ.டி. அறைக்குப் போகவேண்டும். இங்கே பேராசிரியர் தலைகுனிந்து நன்றி சொன்னார். கைதட்டலுக்குப் பதிலாம்.

இனி பாட்டில். இந்த நாட்டில் 2003-லிருந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் வைப்புத்தொகை உண்டு. ஒன்றுக்கு 25 சென்ட். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வாயில் கொடுத்தால் சீட்டு வரும். நம் ஊரிலும் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று 2022-ல் நீலகிரியில் தொடங்கினார்கள், ஆனால் அந்தத் துறையில் எனக்கு அனுபவமில்லை. வாய்ப்பாடு ஓடியது: ஒரு பாட்டில் இருபத்திரண்டரை ரூபாய். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற வம்சம் நாங்கள். தங்கியிருந்த விடுதியில் ஒரு பிறந்தநாள் கூத்து முடிந்த மறுநாள் காலை, பதினொரு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, மனதுக்குள் அப்பாவுக்குப் பணம் அனுப்பியபடி கடைக்குப் போனேன்.

இயந்திரம் முதல் பாட்டிலைத் துப்பியது. இரண்டாவதையும் துப்பியது. நம் தண்ணீர் பாட்டில்களில் 'உபயோகித்தபின் நசுக்கவும்' என்று போட்டிருப்பார்கள் அல்லவா? சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக, பதினொன்றையும் முன்தின இரவே மிதித்துத் தட்டையாக்கியிருந்தேன். பட்டைக்கோடு மடங்கிப்போனால் இயந்திரத்துக்குப் படிக்க வராதாம். பின்னால் வரிசையில் ஆறு பேர். நான் ஒவ்வொரு பாட்டிலாக வாயில் வைத்து ஊதி, நெளிவெடுத்து, உள்ளே தள்ளினேன். பின்னால் நின்ற பெரியவர் பொறுமையிழந்து திட்டப்போகிறார் என்று பார்த்தால், ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கி அவரும் ஊத ஆரம்பித்துவிட்டார். எட்டு தேறியது. இரண்டு யூரோ. "டாங்கே" என்றேன். இந்த ஒரு சொல்லை மட்டும் முதல் நாளே பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து 'ங்க' அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக மரியாதை சேர்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம், வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று தமிழ்க் கடையைத் தேடிப் போனேன். 83 கலவரத்துக்குப் பிறகு வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடையது. சுவரில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் காலண்டர். பக்கத்து ஊர்தான். தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் எழுப்பி 2002-ல் குடமுழுக்குச் செய்த கோவில்.

"பிள்ளை எந்த ஊர்?"

"ஓமலூருங்க."

"ஓம், ஊர்தான் பிள்ளை. எந்த ஊர்?"

"ஓமலூருங்க!"

"ஓம் ஓம், அதைத்தான் கேக்கிறன்."

இது மூன்று சுற்று போனது. கடைசியில் சேலம் என்று தோற்றேன். "மாம்பழமோ?" என்று முகம் மலர்ந்தார். நானும் என்னை அறியாமல் "ஓமுங்க" என்றேன். அந்தச் சொல் உலகத்தில் அதற்கு முன் இருந்திருக்காது.

முருங்கைக்காய், சின்ன வெங்காயம், புளி. பில் போடும்போது பழக்கதோஷத்தில், "அண்ணா, கொசுறு கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க" என்றேன்.

"கொசுறெண்டால் என்ன பிள்ளை?"

சொன்னேன். மனிதர் சிரித்துச் சிரித்து, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, அவரிடமும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். இருபது இலை இருக்கும். ஒரு யூரோ எண்பது.

நூற்று அறுபத்திரண்டு ரூபாய் என்று அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

மறுநாள் எதிர்வீட்டு அக்கா குழம்பு தாளிக்க ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வந்திருக்கிறார். அம்மா ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "இது இப்ப வெளிநாட்டுல என்ன வெல தெரியுமா?" என்று ஆரம்பித்திருக்கிறாள். பெருக்கி முடித்தபோது அந்த அக்கா கொத்தைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அப்பா மரத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருக்கிறார்.