கால் வேலி மிராசுதார்

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை ஐந்தே முக்காலுக்கு நடப்பவர்கள் எண்களில்தான் பேசுவார்கள். நூற்று நாற்பது என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை. ஏழு புள்ளி ரெண்டு என்றால் மூன்று மாதச் சராசரி. நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்றால் சம்பந்தி வீட்டார் வந்து தங்கியிருக்கிறார்கள். இந்த பாஷையில் தேறிய எனக்கே, ஒருநாள் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்து, "பதினெட்டா, இருபத்து நாலா, இருபத்தேழா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டபோது ஒன்றும் விளங்கவில்லை. ஹீமோகுளோபின் என்றால் இவ்வளவு இருக்காதே.

"ஹெச்.பி. சார். மினி டிராக்டர்" என்றார்.

சரி, இவரும் நிலம் வாங்கிவிட்டார்.

'இவரும்' என்று சொல்லக் காரணம் உண்டு. பல்லாவரத்தில் தொடங்கி கூடுவாஞ்சேரி வரை தெருவுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். வயது அறுபதை ஒட்டி. வேலை பேங்கிலோ ரயில்வேயிலோ முடிந்திருக்கும். பிள்ளை டல்லாஸில். சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ கிரவுண்டு விலை மலிவாக இருந்த காலத்தில் கட்டிய மாடி வீடு. அந்த வீடு நிற்கிற இடம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நன்செய். அந்த வயலில் செங்கல் நட்டவர், இப்போது வயல் வேண்டுமென்று பரனூர் சுங்கச்சாவடிக்குக் காசு கட்டி, புக்கத்துறையில் திரும்பி, உத்திரமேரூர்ப் பக்கம் அறுபது கிலோமீட்டர் போகிறார். சனிக்கிழமை காலை போய் ஞாயிறு மாலை வருவார். திங்கட்கிழமை நடையில் அவர் செருப்பில் கொஞ்சம் மண் இருக்கும். அதை அவர் தட்டுவதில்லை.

நம்மவர் நிலம் ஒரு ஏக்கர் எழுபது சென்ட். சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது அது முப்பது கிரவுண்டு ஆகிவிடும். ஏக்கர் என்றால் தாம்பரத்துக்காரர்களுக்குப் புரியாதாம். என்னிடம் சொல்லும்போது மட்டும் 'கால் வேலிக்கு மேலே' என்பார். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு உண்டல்லவா, 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது? வாரியத்துக்கு நிற்கிறவருக்கு இறை கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று அதில் விதி போட்டிருக்கிறார்கள். ஒரு வேலி 6.6 ஏக்கர் என்று வைத்தால் கால் வேலி 1.65. ஐந்து சென்ட் வித்தியாசத்தில் நம்மவர் தேறிவிட்டார். வயது 63. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது என்றும் ஒரு விதி. முப்பத்து நாலு வருஷம் பேங்கில் கணக்குக் காட்டியவருக்கு அது பொருட்டல்ல. வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிற விதி ஒன்றுதான் இடிக்கிறது. அதற்குப் பதில் அவர் டிராக்டர் கம்பெனி பிரோஷரைப் பதம் பிரித்துச் சொல்வார்.

மூன்று வருஷம் சொன்னார். குபோட்டா ஆரஞ்சு, மகிந்திரா சிவப்பு, ஜான் டியர் பச்சை என்று ஏரிக்கரையில் எனக்குத் தெரியாத நிறமில்லை. ஒரு வாரம் ஜப்பான் இன்ஜின்தான் இன்ஜின் என்பார். அடுத்த வாரம் தேசபக்தி வந்துவிடும். 1960இல் இதே சென்னையில் தொடங்கிய டாஃபே இருக்க, செம்பியத்தில் சிம்சன் இன்ஜின் இருக்க, ஜப்பானுக்கு ஏன் போக வேண்டும் என்பார். குபோட்டாவின் இந்திய அலுவலகமும் சென்னையில்தான் இருக்கிறது என்று யாரோ சொல்லப் போக, தேசபக்தி மறுபடி ஆட்டம் கண்டது. எக்செல் தாளில் பதினேழு பத்தி. தூக்கும் திறன், கிளட்ச் ஒற்றையா இரட்டையா, நாலு சக்கரமும் இழுக்குமா, திரும்ப எத்தனை அடி வேண்டும். "இருபத்து நாலுன்னு போட்டிருப்பான் சார், பின்னாடி கருவியைச் சுத்த வைக்கிற பி.டி.ஓ.வுக்கு வர்றது அதுல குறைச்சல். அதைத்தான் பார்க்கணும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார், மாப்பிள்ளையின் நிஜச் சம்பளத்தை விசாரித்தறிந்தவர் போல.

ஷோரூம் பையன்களுக்கு அவரைத் தெரியும். உள்ளே நுழைந்ததும் டீ சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அவர் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, எதிரே உள்ள கண்ணாடிச் சுவரை உழுதுவிட்டு இறங்குவார். பையிலிருந்து டேப்பை எடுத்து அகலம் அளப்பார். தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி விட்டு நடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு எழுபது மரம். அந்த இருபத்தைந்து அடியில் லாரியே போகும். ஆனாலும் நாலடி வண்டியை அவர் அளக்காமல் விட்டதில்லை.

ஒருநாள் நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் என்பது பக்கத்துக்கு 209 அடிச் சதுரம். மூன்றரை அடி ரொட்டவேட்டர் போட்டால் அறுபது சால். அறுபது தடவை 209 அடி நடந்தால் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உழுகிற வேகத்தில், திருப்பங்களையும் சேர்த்து இரண்டு மணி நேரம் போதும். அவருடைய நிலம் முழுக்க மூன்றரை மணி. வருஷத்துக்கு நாலு உழவு என்று தாராளமாக வைத்தாலும் பதினாலு மணி. வாடகை வண்டிக்கு மணிக்கு 1,200 ரூபாய் கொடுத்தாலும் 16,800 ரூபாயில் முடிந்தது. வேளாண் பொறியியல் துறை டிராக்டரும் வாடகைக்கு வருகிறது. அவர் போடப்போகிற ஆறு லட்சத்துக்கு ஏழு சதவீதம் வட்டியே 42,000.

பேங்க்காரரிடம் வட்டிக் கணக்கு சொல்கிறோமே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கார் வாங்கும்போது ஓலா கணக்குப் பார்த்தீங்களா?" என்றார்.

என் கார் போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது. மேற்கொண்டு நான் பேசவில்லை.

2023 ஆகஸ்டில் வாங்கியே விட்டார். இருபத்து நாலு குதிரை. கம்பெனி பெயர் எதற்கு. மற்ற கம்பெனிக்காரர்கள் மனம் நோகும். கூடவே ரொட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை, சின்னதாய் ஒரு டிரெய்லர். பத்துக் குழி தோண்டுவதற்கு ஒரு குழி தோண்டும் இயந்திரமும் கேட்டாராம். வீட்டு அம்மாள் அங்கே கோடு கிழித்துவிட்டார். "ஏங்க, பத்துக் குழிக்கு ஒரு ஆளக் கூப்பிட்டா சாயங்காலத்துக்குள்ள தோண்டிட்டுப் போயிடுவான். அந்த டிரெய்லர் எதுக்குன்னே எனக்கு இன்னும் தெரியல." டிரெய்லர் எரு அடிக்க என்றார் இவர். எருவுக்கு மாடு வேண்டும் என்பது அப்போது யாருக்கும் நினைவில்லை.

உரிமம் ஒரு பிரச்சினையே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த எடை டிராக்டரும் காரும் ஒரே இலகு ரக வாகனப் பிரிவில்தான் வருகின்றன. சட்டம் அப்படிச் சொல்லிவிட்டதால் ஓட்டுவதும் கார் மாதிரியே இருக்கும் என்று அவர் நம்பியதுதான் பிரச்சினை.

முதல் சனிக்கிழமை நானும் போயிருந்தேன். டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வரப்போரம் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் அழுத்த வேண்டும். சாலையில் போகும்போது இரண்டையும் ஒரு கொக்கி போட்டுப் பிணைத்துவிட வேண்டும். இது பிரோஷரில் இருந்தது. நம்மவருக்குப் பக்க எண்ணோடு தெரியும். தென்னை ஒன்று நேரே வந்தபோது நிறுத்துவதற்காக ஒரு பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் கோயில் தேர் போல அரை வட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்தபடி போய் வரப்பில் ஏறி நின்றது. தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மட்டும் சீட்டைப் பிடித்தபடி, "டர்னிங் ரேடியஸ் பார்த்தீங்களா?" என்றார்.

பக்கத்து நிலத்துப் பெரியவர் வரப்பில் குந்தியிருந்தார். பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்து, குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் மிளகு மிளகாகக் கோரைக் கிழங்கு.

"சார், ரொட்டவேட்டர் போடாத. கோரை இருக்குது பாரு. கொத்துக் கலப்பைய போட்டு, கெழங்க மேல இஸ்து, வெய்யில்ல காயவுடு. அப்புறமா போடு."

தங்கமான யோசனை. ஆனால் நம்மவர் நிலையையும் பார்க்க வேண்டும். வாங்கியதில் விலை கூடியது ரொட்டவேட்டர். மண்ணைப் பூப்பூவாக உதிர்த்துப் போடும் அதன் வீடியோவை மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்துத்தான் இதுவரை வந்திருக்கிறார். வெறும் இரும்புக் கொம்பு ஐந்தை இழுத்துக்கொண்டு போகவா இருபத்து நாலு குதிரை? போட்டார். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாகவே இருந்தது. ஜல்லடையில் சலித்த மாதிரி மண். அவர் கால் கட்டை விரலால் அதை அளைந்து அளைந்து பார்த்தார். போட்டோ டல்லாஸுக்குப் போனது. பேத்தி 'வாவ் தாத்தா' என்று பதில் போட்டாள்.

பத்து நாளில் இரண்டு மழை. மூன்றாவது சனிக்கிழமை போனோம். நிலம் முழுக்க பச்சைக் கம்பளம். ஒவ்வொரு கிழங்குச் சங்கிலியையும் துண்டு துண்டாக நறுக்கி, சீராகப் பரப்பி, மண்ணும் அணைத்து வைத்திருக்கிறது ரொட்டவேட்டர். ஆள் வைத்து நட்டாலும் அவ்வளவு நெருக்கம் வந்திருக்காது. பெரியவர் வரப்பில் அதே இடத்தில் இருந்தார். சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

"நடவு நல்லா புடிச்சிருக்குது சார்" என்றார்.

டிராக்டரில் கிலோமீட்டர் காட்டுகிற மீட்டரைவிட மணி காட்டுகிற மீட்டருக்குத்தான் மரியாதை. சர்வீஸ் எல்லாம் மணிக் கணக்குதான். ஐம்பது மணி ஓடினால் முதல் சர்வீஸ். நம்மவர் அந்த ஐம்பதை, பிள்ளையின் முதல் பிறந்தநாளைப் போல எதிர்பார்த்தார். கோரை நட்டது, கோரையைப் பிடுங்க மறுபடி கொத்துக் கலப்பை போட்டது, பெரியவரின் துண்டு நிலத்தை வலியப் போய் உழுது கொடுத்தது எல்லாம் சேர்த்தும் அக்டோபரில் மீட்டர் இருபதைத்தான் தொட்டது. கூப்பிடு தூரத்தில் வேறு நிலம் எதுவும் மிச்சமில்லை.

ஆயுத பூஜைக்கு டிராக்டர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடித்தார். அறுபது கிலோமீட்டரை ஜி.எஸ்.டி. சாலையின் இடது ஓரமாக, பேருந்துகள் ஹாரன் அடிக்க, மூன்றரை மணி நேரத்தில் கடந்தார். பின்னால் டிரெய்லரில் முப்பத்தெட்டு தேங்காய். வண்டலூர் பாலத்தின் அடியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "லோடு என்ன?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அனுப்பினாராம். வாசலில் பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மீட்டருக்குத் தனியாகச் சந்தனப் பொட்டு. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. நிலத்தில் இறக்கினால் புதைந்துவிடும் என்று வண்டி ராஜகீழ்ப்பாக்கத்திலேயே தங்கிவிட்டது. தினம் காலையில் ஐந்து நிமிஷம் கிளப்பி வைப்பார். எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்து கொட்டியது. அடையாறு நிரம்பி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் புகுந்தது. 2015லும் பட்ட இடங்கள்தான். நம்மவரின் மைத்துனர் வீடு முடிச்சூரில். அவர் போன் செய்தது தைரியம் சொல்லச் சொல்லித்தான். இவர் டிரெய்லரோடு போய் நின்றார். கார்கள் மூழ்கிக் கிடந்த தெருவில், இடுப்பளவு தண்ணீர் வரும் பள்ளத்தைப் பெரியவர்களைக் கேட்டு விலக்கி, இரண்டு பிரேக்கையும் கொக்கி போட்டுப் பிணைத்து, முதல் கியரில் ஊர்ந்துகொண்டு போனார். பாட்டிகள், ஒரு டயாலிசிஸ் நோயாளி, பால் பாக்கெட் மூட்டை, சிலிண்டர், கூண்டோடு இரண்டு கிளிகள். எரு அடிக்க வாங்கிய டிரெய்லரில் அன்று எரு தவிர எல்லாம் ஏறியது. மூன்று நாள். வீட்டு அம்மாள் தூக்கு தூக்காகச் சாம்பார் சாதம் கட்டி அதே டிரெய்லரில் அனுப்பினார். அது எதற்கு என்று அதன்பின் அவர் கேட்கவில்லை.

 

தண்ணீர் வடிந்த பிறகு சர்வீஸுக்கு வந்த பையன் முதலில் மீட்டரைப் பார்த்தான். ஐம்பதைத் தாண்டி ரெண்டு. அப்புறம் தரையில் துணியை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தான். அச்சிலும் சக்கர உள்வட்டத்திலும் சேறு அப்பி, காய்ந்து, விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டே உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

"சேத்து உழவா சார்? நெல்லு எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?"

நம்மவர் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சூர்ப் பக்கம்ப்பா" என்றார்.