மாண்புமிகு ரீமேக் மேலிடத்துக்கு

மும்பையில் வீற்றிருக்கும் மாண்புமிகு இந்தி ரீமேக் மேலிடத்துக்கு, வடபழனித் துணை நடிகன் ஒருவனின் பணிவான வணக்கம்.

போன வாரம் உங்கள் ஆட்கள் இங்கே வந்து நடத்திய ஆடிஷனில் நானும் வரிசையில் நின்றேன். தமிழ்ப் படம் ஒன்றின் இந்தி வடிவமாம். நாயகனின் அண்ணன் வேடம். செங்கல் சூளைக்காரன், கறுத்த ஆள். காஸ்டிங் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கறுப்பை நாங்க மேக்கப்ல கொண்டுவந்துடுவோம் சார். ஆள் கொஞ்சம் கலரா இருந்தா போதும்." நான் உள்ளே வந்தால் மேக்கப்மேன் பிழைப்பு என்ன ஆவது? உங்கள் தொழிலாளர் நலனை மெச்சுகிறேன்.

அந்த மேக்கப் டப்பாவின் மகிமை நாடறிந்தது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018), 2025இல் 'தடக் 2' ஆனபோது சித்தாந்த் சதுர்வேதியின் முகம் அதில் முங்கி எழுந்தது. ஒடுக்கப்பட்டவன் என்றால் இரண்டு கோட்டிங் என்று ரேட் கார்டு இருக்கும்போல. மாரி செல்வராஜும் தன் நாயகன் பரியனாக நடித்த கதிருக்குச் சாயம் பூசினார், நீலச் சாயம். அது உங்கள் கடையில் வராத சரக்கு. பரியனின் அப்பாவாக நடித்த நெல்லை தங்கராஜ், நிஜத்திலும் பெண் வேடமிட்டு ஆடிய கூத்துக் கலைஞர். வேட்டி உருவப்பட்டு நடுரோட்டில் அவர் ஓடிய ஓட்டத்தை எந்த டப்பாவில் அள்ளுவீர்கள்?

(கோடம்பாக்கத்திலும் டப்பா உண்டு. உங்கள் ஊர் நாயகியை எங்கள் ஊர்க் கிராமத்துப் பெண்ணாக்கும்போது திறப்பார்கள். அது வீட்டுச் சண்டை, தனியாக வைத்துக்கொள்கிறோம்.)

முதல் 'தடக்'கில் பூச்சு முகத்துக்கல்ல, கதைக்கு. அதுவும் வெள்ளைப் பூச்சு. அதன் மூலப்படமான நாகராஜ் மஞ்சுளேயின் மராத்தி 'சைராட்'டில் மீன்பிடிக்கும் வீட்டுப் பையன், பாட்டீல் வீட்டுப் பெண். கதை உங்கள் கையில் உதய்பூர் ஏரிக்கரைக்குப் போனதும் சாதி ஒரு பேச்சுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். 'ஜிங்காட்' பாட்டு மட்டும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது. அந்த இரண்டு பிள்ளைகளையும் ஏன் கொன்றார்கள் என்பதுதான் ஐயா படமே! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எதைக் காசு கொடுத்து வாங்கினீர்கள்? எங்கள் சாவு வேண்டும், அழுகை வேண்டும், மூஞ்சி மட்டும் ஆகாதா?

மன்னிக்கவும். ரத்தக் கொதிப்பு மாத்திரை போட மறந்துவிட்டேன்.

மார்க்கெட் என்பீர்கள், தெரியும். அக்லுஜ் ஊர்ப் பள்ளி மாணவி ரிங்கு ராஜ்குருவையும் இன்னொரு புதுமுகத்தையும் வைத்துத்தான் 2016இல் 'சைராட்' மராத்தி சினிமாவின் வசூல் சாதனைகளை உடைத்தது. உங்கள் கணக்குப்பிள்ளை அன்று லீவு போலும்.

ஆகவே தாழ்மையான யோசனை ஒன்று. அடுத்த ரீமேக்கில் அந்த டப்பாவையே நாயகனாகப் போட்டுவிடுங்கள். பேட்டா கேட்காது, கேரவன் கேட்காது, கதையில் சாதி எங்கே போனது என்றும் கேட்காது.

இப்படிக்கு,
மேக்கப் போட்டுவிட்டீர்களா என்று யாரும் கேட்டிராத
ஒரு துணை நடிகன்