வாசிக்காத பத்திரமும் கட்டும்

கேள்வி: மைசூரு ஜயலக்ஷ்மிபுரத்தில் மனை வாங்கினேன். ‘கிழக்கே கட்டடம் எழுப்பலாகாது’ என்று முந்தைய சொந்தக்காரர் பக்கத்து வீட்டாருக்கு எழுதிக் கொடுத்த நிபந்தனை என்னையும் கட்டுமா?

பதில்: 1848-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தில் கட்டடம் எழுப்ப முயன்ற மாக்ஸே என்பவரை, ‘தடையை அறிந்தே வாங்கினீர்’ என்று நீதிபதி காட்டன்ஹாம் பிரபு தடுத்து நிறுத்திய அதே நியாயத்தின் வழியில், நமது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 40-ஆவது பிரிவும், அண்டை நிலத்தின் அனுபோகத்துக்கான தடை, அறிந்து வாங்கியவரையும் இனாமாகப் பெற்றவரையும் கட்டும், அறியாமல் விலை கொடுத்தவரைக் கட்டாது என்று விதிக்கிறது. ‘அறியேன்’ என்று தப்பிவிடலாமே என்று எண்ணாதீர்கள். முறைப்படி பதிவான பத்திரத்தை வாசிக்காதவரும் சட்டத்தின் கண்ணில் வாசித்த பண்டிதரே! அண்டை வீட்டாரின் காலை வெயிலும் காற்றும் அற்ப விஷயங்களல்ல. அஸ்திவாரம் தோண்டுமுன் அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்றுப் பதிவு செய்துவிடுங்கள்.