ஆயிரத்து இருநூற்று ஐம்பதாவது ஆள் வரும்வரை

அனுப்புநர்: பழைய காம்பாக்ட் எஸ்.யூ.வி. ஒன்றின் ஆர்.சி. உரிமையாளர், நாட்டரசன்கோட்டை, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்: சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: மோட்டார் வாகனம் – இன்ஜின் நின்றது – ஏழு வயதைத் தாண்டி நின்ற குற்றத்துக்கு வாகனத்தின் சார்பில் மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) மோட்டார் வாகன (திருத்த)ச் சட்டம் 2019, பிரிவு 110ஏ. 2) அதன்கீழ் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரீகால் விதி. 3) சிவகங்கை மெக்கானிக் வாய்மொழியாகச் சொன்னது.

ஐயா,

என் வண்டியின் இன்ஜின் போய்விட்டது. இதில் அமைச்சகத்தின் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. வருத்தமெல்லாம் வண்டியின் மேல்தான். 2015 மாடல். விற்ற வண்டியில் பாதுகாப்புக்குப் பங்கம் வரும்படியான பழுது இருந்தால், கம்பெனியைக் கூப்பிட்டு, திரும்ப எடுத்துச் சரிசெய்து கொடு என்று நீங்கள் உத்தரவு போடலாம். ஆனால் வண்டிக்கு ஏழு வயது தாண்டியிருக்கக் கூடாது என்பது விதி. என் வண்டி அந்த ஏழு வருடமும் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. எட்டு பிறந்த பிறகுதான் கூலன்ட் குறைய ஆரம்பித்தது. கெஜட் படிக்கிற இன்ஜினை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதும் தெம்பு இல்லை. டீசல், நாலு மீட்டருக்குள் நீளம், உயரமாக உட்கார்ந்து போகலாம். இந்த அடையாளம் போதும்.

மாமியாரைக் காரைக்குடியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். கல்லல் பக்கம் போகும்போது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் தானே அணைந்தது. தில்லியில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது நம் காலுக்குத் துணையாக இருப்பது இன்ஜின் ஓட்டத்தில் உண்டாகும் வேக்குவம். இன்ஜின் நின்றால் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத் தாங்கும். அதற்குப் பிறகு பெடல் இறங்காது; நின்றுகொண்டுதான் மிதிக்க வேண்டும். ஸ்டியரிங்கும் முறுக்கிக்கொள்ளும். பின்னால் சரளை ஏற்றிய டிப்பர். "என்ன மாப்பிள்ளை, பெட்ரோல் போடலையா?" என்றார் மாமியார். டீசல் வண்டி என்று திருத்தும் நிலையில் நான் இல்லை.

இழுத்துக்கொண்டு வந்து சிவகங்கையில் விட்டோம். மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அதன் அடியில், பால் ஊற்றிக் கலக்கிய டீயின் நிறத்தில் ஒரு கொழகொழப்பு. "தண்ணியும் ஆயிலும் கலந்துருச்சுண்ணே. ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டும் வளைஞ்சிருக்கும், லேத்துக்கு அனுப்பணும்" என்றார். எல்லாவற்றுக்கும் மூலம், தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் மயிரிழை அளவு விரிசல். நூறு டிகிரி சூட்டில் வருடக்கணக்காகக் கிடக்க வேண்டிய இடத்துக்கு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்த எஞ்சினியர் யாரென்று தெரியவில்லை; சிவகங்கை வெயிலில் தலையில் துண்டில்லாமல் நின்றவராக இருக்க முடியாது. கியர்பாக்ஸை இறக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு தட்டுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த ஃப்ளைவீல் கையால் ஆட்டினாலே லொடலொடத்தது. "கிளட்ச் மட்டும் மாத்தினா பத்தாதுண்ணே, ஃப்ளைவீலும் சேத்துதான் வரும்" என்றார். விலையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கழுத்துப்பட்டி கட்டிய தம்பி கணினியைப் பார்த்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டார். ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றினீர்களா? கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவீர்களா? முதல் கேள்வி நியாயம்தான். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே வெள்ளைவெள்ளையாகப் படிந்து, குழாய் அடைத்து, அலுமினியம் அரித்துப் போகும்; அப்படி ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் வண்டிக்குக் கூலன்ட் ஊற்றியதெல்லாம் அவர்களேதான், பில்லோடு. பில்லைக் காட்டியதும் அவர் முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதில் நின்றுவிட்டார். "உங்க டிரைவிங் ஸ்டைல் சார்."

இன்சூரன்ஸ் ஏஜென்ட் எனக்கு உறவு. தானாகப் பழுதானால் பாலிசியில் வராது, அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது என்று விளக்கிவிட்டு, ஆறுதலாக ஒன்று சொன்னார்: "அந்த டிப்பர் லேசா இடிச்சிருந்தாக்கூட ஏதாவது பாத்திருக்கலாம்ணே."

எனவேதான் உங்களிடம் வருகிறேன்.

இந்த வகை வண்டி எப்படிப் பிறந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். 2006 பட்ஜெட்டில் சின்னக் காருக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. சின்னக் கார் எது? நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. அதை அறிவித்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், அன்றைக்கு எங்கள் சிவகங்கைத் தொகுதி எம்.பி. ஆகவே அந்த 4,000 மில்லிமீட்டர் எங்கள் வீட்டுப் பிள்ளை. அதன்பின் உலகத்தில் எங்கும் இல்லாத வழக்கமாக, இந்தியாவில் மட்டும் பெரிய வண்டிகளின் பின்புறத்தை வெட்டிக் குட்டையாக்கினார்கள். இன்றைக்கும் கடையில் நிற்கும் காம்பாக்ட் எஸ்.யூ.வி.களை அளந்து பாருங்கள். 3,990, 3,995 என்று வாசற்படியில் முட்டிக்கொண்டு நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யிலும் அதே கோடுதான்: உள்ளே இருந்தால் 18, வெளியே போனால் 40. ஒரு மில்லிமீட்டர் கூடினால் அரசுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கண். கண்ணுடைய நாயகி குடியிருக்கும் ஊர்க்காரன் என்பதால் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையோடே பேசுகிறேன். நீளத்தைப் பார்த்த அந்தக் கண், பானெட்டுக்குள் இருந்த பிளாஸ்டிக்கைப் பார்க்காமல் விட்டது எப்படி?

அது நிதி அமைச்சகம், நாங்கள் வேறு என்பீர்கள். சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். காருக்கு ஆர்.சி. 15 வருடம். எங்கள் மாநிலம் அந்தப் பதினைந்துக்கும் சேர்த்து வாங்கும் வரிக்குப் பெயரே ஆயுட்கால வரி. பதினைந்து முடிந்து புதுப்பிக்கப் போனால், முன்பு 600 ரூபாய் இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினீர்கள். ஆக வரி கட்ட வண்டிக்கு ஆயுள் பதினைந்து. குறை சொல்ல ஏழு. நடுவிலுள்ள எட்டு வருடம் அது உயிரோடு இருக்கிறது, ஆனால் வாய் இல்லை. என் வண்டி இப்போது அந்த எட்டில் இருக்கிறது. கம்பர் கடைசியில் வந்து அடங்கிய ஊர் இது என்பது எங்கள் நம்பிக்கை. அவருக்கு ஊரில் சமாதிக் கோயில் இருக்கிறது. அவருக்குப் பிறகு இங்கே வந்து அடங்கியது என் வண்டிதான்.

ஏழுக்குள் இருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்த்தேன். வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் என்றால், கட்டாய ரீகாலுக்கான விசாரணை தொடங்க 1,250 புகார் சேர வேண்டும். நான் ஒன்று. மீதி 1,249 பேரை எங்கே போய்த் தேட?

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் பின்வரும் முதல் செவ்வாய்க்கிழமை இங்கே செவ்வாய்ப் பொங்கல். திருமணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பானை. சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று எங்கிருந்தாலும் நகரத்தார் வந்துவிடுவார்கள். கண்ணுடைய நாயகி கோயில் வாசலில் நூற்றுக்கணக்கான பானை வரிசையாக ஏறும். முதல் பானை யாருடையது என்பதைக் குடத்திலிருந்து சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். பணக்காரர், பெரிய வீட்டுக்காரர் என்ற பேச்சே கிடையாது. கோடி ரூபாய் இருந்தாலும் சீட்டு வராவிட்டால் வரிசையில்தான். பிள்ளைகளுக்குப் பெண், மாப்பிள்ளை பார்ப்பதும் அன்றைக்கு அங்கேயே நடக்கும். ஊரெல்லாம் கார். உங்கள் அதிகாரி ஒருவரை அன்று அனுப்பினால், மேசை போட்டு, வேட்டி நுனியில் கிரீஸ் இருப்பவர்களை மட்டும் வரிசையில் விட்டு, பொங்கல் பொங்குவதற்குள் புகார்களை எண்ணிவிடலாம். 1,250-க்குக் குறைந்தால் மறுவருடத்துக்கு எடுத்து வைப்போம். அதற்குள் சில வண்டிகளுக்கு எட்டு வயது ஆகிவிடும் என்பதுதான் சிக்கல். பொங்கலையும் முன்னால் நகர்த்த முடியாது.

எண்ணிக்கை சேர்ந்து, சோதனை நடந்து, தவறு உறுதியாகி, அபராதம் விதித்தாலும் அது பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. ஒரு கோடியில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூணைக்கூட முழுசாக வாங்க முடியாது என்று சொல்லவந்தேன். தூண் வியாபாரி கோபித்துக்கொள்வார். வாங்கலாம். வீட்டைத்தான் வாங்க முடியாது.

இனி வெளியூர்ச் செய்தி. என் வண்டி இதில் வரும் கம்பெனியுடையது இல்லை என்பதால் பெயர் சொல்லியே எழுதுகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை இகோஸ்போர்ட் செய்தது. அமெரிக்காவில் விற்றதும் அங்கிருந்து போன வண்டிதான். 2023 டிசம்பரில், 1 லிட்டர் இன்ஜின் வைத்த 2018 முதல் 2022 வரையிலான இகோஸ்போர்ட்டையும், கொஞ்சம் ஃபோகஸ் கார்களையும் சேர்த்து ஏறக்குறைய 1,40,000 வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். காரணம்: ஆயில் பம்ப்பைச் சுற்றும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கை உடையலாம், உடைந்தால் ஆயில் பிரஷர் போகும், இன்ஜின் நிற்கும், பிரேக்குக்குக் கிடைக்கும் துணையும் போகும். கல்லல் பக்கம் எனக்குப் போன அதே துணை. அங்கே அது பாதுகாப்புக் குறைபாடு. எனக்கு டிரைவிங் ஸ்டைல்.

அமெரிக்காவில் ரீகால் வண்டியை இலவசமாகச் சரிசெய்துதரும் கடமை, முதலில் விற்ற நாளிலிருந்து பத்து வருடம் என்று இருந்தது. 2015-இல் அதைப் பதினைந்து ஆக்கினார்கள். அவர்களும் நம்மைப்போல் ஒரு எண்ணைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு 15 கிடைத்தது, நமக்கு 7.

ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம், அதாவது கம்பெனிக்கு. அங்கே ஃபோர்டின் ஃபியஸ்டா, ஃபோகஸ், இகோஸ்போர்ட் ஆகியவற்றில் இருந்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உதறியது. புகார் சொன்னவர்களில் சிலரிடம், நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்றார்கள். நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அன்றைய மதிப்பில் ஐம்பது கோடி ரூபாய். இதைச் சர்வீஸ் சென்டர் தம்பியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆஸ்திரேலியா ரோடு வேற சார்" என்றார். ரோடு உங்கள் துறை என்பதால் இந்தக் கருத்தையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. இப்போது அதே மறைமலைநகரில் 3,250 கோடி ரூபாய் போட்டு 2029 முதல் இன்ஜின் செய்யப்போவதாகத் தமிழக அரசோடு ஒப்பந்தம். மகிழ்ச்சி. நல்ல இன்ஜின் செய்யத் தெரிந்த கை நம்மிடம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்க நினைப்பது ஒன்றுதான்: மறைமலைநகரில் செய்த பொருளின் மேல் டெக்சாஸ்காரருக்கு இருக்கும் உரிமை, முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தெற்கே இருப்பவனுக்கு இல்லாமல் போனது எந்தப் பிரிவின்கீழ்?

ஆகவே கோருவது யாதெனில், ஏழை நீங்கள் பதினைந்தாக்க வேண்டும். அதாவது ஆயுள் வரி வாங்கும் நாள்வரை குறையும் கேட்க வேண்டும். அது முடியாதென்றால், நாட்டரசன்கோட்டைப் பேரூராட்சியை ரீகால் விஷயத்துக்கு மட்டும் அமெரிக்காவின் ஒரு மாவட்டமாக அறிவிக்கலாம். வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பதால் பெரிய மாற்றம் தெரியாது. அதுவும் முடியாதென்றால், ஷோரூமில் விற்கும் ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும், நீளத்தையும் மைலேஜையும் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், 'ஏழு வருடத்துக்குமேல் கூப்பிட வேண்டாம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். வாங்குகிறவன் தெரிந்தே வாங்குவான். கம்பெனிக்கும் வசதி, எந்த பிளாஸ்டிக் எதுவரை தாங்கினால் போதும் என்று தெரிந்துவிடும். இப்போதே தெரிந்திருக்கலாம்.

இப்படிக்கு,
புகார் எண் ஒன்று.

இணைப்பு: 1) ஆர்.சி. நகல். 2) ஆயுட்கால வரி ரசீது நகல். 3) கூலன்ட் பில்கள். 4) விரிசல் விட்ட பிளாஸ்டிக் கூடு, ஒன்று. 5) ஆயில் மூடியிலிருந்து வழித்தெடுத்த கொழகொழப்பு, சிறு குப்பியில் (திரவம் என்று சொல்லித் தபால் நிலையத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள், அதிகாரி நேரில் வந்தால் காட்டப்படும்).

நகல்: மீதி 1,249 பேருக்கும், முகவரி கிடைத்ததும்.