'ஆன்' போடக் கூடாத மாமா

தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் சிவப்பு மசிப் பேனா, அலமாரியில் அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டின். 1930-களில் வந்த அந்த இலக்கணப் புத்தகம் அவருக்கு வேதம். அதே ரென்தான் பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலும் எழுதினார் என்றால், அவதூறு என்று கோபித்துக்கொள்வார்.

அவரிடம் போய், "மாமா, ஐ வான்ட் ஆன் அட்வைஸ்" என்றீர்களோ, தொலைந்தீர்கள். "அட்வைஸை எண்ண முடியுமாடா? எங்கே, ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக் காட்டு! 'சம் அட்வைஸ்'னு சொல்லு. ஒண்ணுதான் வேணும்னா 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்'." பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்ற பேச்சு கடைசிவரை வராது.

கடைத்தெரு போர்டில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த 'எஸ்'ஸை அழிக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றார். "கடை நெறைய சாமான் வெச்சிருக்கேன் சார். ஒண்ணுதான் இருக்குன்னு போட்டா எவன் உள்ளே வருவான்?" என்றார் அவர். நியாயமான வியாபாரி.

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் போன் செய்து, "மாமா, எ குட் நியூஸ்!" என்றார். "'எ' வராது மாப்பிள்ளை. நியூஸ்ல 'எஸ்' இருந்தாலும் அது பன்மையும் இல்லே, எண்ணவும் முடியாது" என்று பாடம் முடித்த பிறகுதான், ஆணா பெண்ணா என்று கேட்டார். இத்தனைக்கும் ஓட்டலில் அவரே 'எ காஃபி' என்பார். கேட்டால், அதில் கப் தொக்கி நிற்கிறதாம்.

எதிர்வீட்டுப் பெண் வேலை விண்ணப்பத்தைக் காட்டினாள். 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ்' என்றிருந்ததில் 'எ'யைச் சிவப்பு மசியால் வெட்டினார். அவள் செல்போனில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்து நீட்டினாள். நாலெட்ஜ் எண்ண முடியாத சொல்தான். ஆனால் எதைப் பற்றிய அறிவு, எப்படிப்பட்ட அறிவு என்று குறிப்பிட்டால் 'எ' வரலாம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இரண்டு முறை படித்தார்.

"வெள்ளைக்காரனே இங்கிலீஷை மறந்துட்டாம்மா!"

உங்கள் விண்ணப்பத்தையும் தாராளமாக அவரிடம் காட்டுங்கள். காசு வாங்க மாட்டார், ஒரு கமாகூடத் தப்பாது. அந்த ஒரு 'எ'யை மட்டும், வீட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.