பாசிக்கும் வந்த பங்கம்

கேள்வி: மைக்ரோபிளாஸ்டிக்கால் குளத்துப் பாசிக்கு ஆபத்தாமே! வழுக்கிவிடும் சனியன் ஒழிந்தால் நல்லதுதானே சார்?

பதில்: விழுந்த வலியில் கேட்கிறீர்கள், மன்னித்தோம். குளத்துக்கே சமையற்காரர் பாசிதான். அதைத் தண்ணீர்ப்பூச்சி தின்ன, பூச்சியை மீன்குஞ்சு தின்ன, மீனை நீங்கள் வறுக்கிறீர்கள்.

5 மில்லிமீட்டருக்கும் சிறியதைத்தான் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். அதனினும் நுண்ணிய நானோ துகள்கள்தான் மகா போக்கிரிகள். பாலிஸ்டைரீன் நானோ துகள்கள் குளோரெல்லா, செனடெஸ்மஸ் பாசிகளின் மேல் ஒட்டி ஒளிச்சேர்க்கையைத் தடுப்பதை 2010-இல் ஆய்வகத்திலேயே பார்த்துவிட்டார்கள். பாசியின் செல்சுவரில் எதிர்மின்னூட்டம். துகளில் நேர்மின்னூட்டம் இருந்துவிட்டால் பிடி உடும்புப்பிடி!

ஆய்வகத்தில் கலக்கும் அளவு, குளத்தில் இருப்பதைவிடப் பெரும்பாலும் மிக அதிகம். அதற்காக நாம் போட்டிபோட்டு அந்த அளவை எட்ட வேண்டாம். கேரிபேக்கைக் கரையில் வீசாதீர்கள்.